உடுப்பின் தரம் யாருடைய பொறுப்பு? பிரித்தானியக் கடைவீதியின் நூறாண்டுக் கதை

"அந்தக் காலத்து உடுப்பு மாதிரி இப்ப வாறதில்ல."

எங்கள் உம்மாமாரின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை இது. இங்கிலாந்துப் பெண்களும் பல வருடங்களாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துணி மெல்லிசாகிவிட்டது, நாலு முறை கழுவினால் வடிவம் போய்விடுகிறது, பொத்தான் கழன்று விழுகிறது, உள்ளே லைனிங் இல்லை என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. விலை கூடிய கடைக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை என்கிறார்கள்.

அவர்களுடைய உடுப்பைப் பற்றி நாங்கள் ஏன் பேச வேண்டும்? அதில் ஒரு பங்கு கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் எங்கள் நாட்டுப் பெண் பிள்ளைகளின் கையால் தைக்கப்படுகிறது. தரம் குறைந்துவிட்டது என்று பேச்சு வந்தால் பழி இரண்டு பேர் மீதுதான் விழுகிறது. ஒன்று, "மாதம் ஒரு உடுப்புக் கேட்கும்" பெண்கள். மற்றது, "ஆசியாவில் மலிவாகத் தைக்கும்" தொழிலாளிகள். வாங்குகிற பெண்ணும் தைக்கிற பெண்ணும் குற்றவாளிகள். நடுவில் உள்ளவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

*1. பழையது எல்லாமே நல்லதா?*

முதலில் ஒரு எச்சரிக்கை. உடுப்பின் தரம் பற்றிய முறைப்பாடு இன்று நேற்று வந்ததல்ல. ஓ.எல். வகுப்பில் கைத்தொழில் புரட்சியைப் படித்தவர்களுக்கு இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பிரதேசம் ஞாபகம் இருக்கும். அங்கே பாட்லி என்ற ஊரில் 1813இல் பெஞ்சமின் லோ என்பவர் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து துணி நெய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தத் துணிக்குப் பெயர் 'ஷொடி'. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த மட்டமான சீருடைகளோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் தரங்கெட்ட எதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

அதேபோல், பழைய நல்ல உடுப்புக்குப் பின்னாலும் கண்ணீர் இருந்தது. வீட்டு அறைகளில் இரவு பகலாகத் தைத்து அரை வயிறு சாப்பிட்ட பெண்களின் நிலையைக் காட்ட 1906இல் லண்டனில் ஒரு கண்காட்சியே நடந்தது. அதன் பிறகு 1909இல் வந்த சட்டம்தான் ஆயத்த ஆடைத் தையல் உள்ளிட்ட சில தொழில்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்க வழி செய்தது.

ஆகவே "அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அல்மாரியில் இன்றும் மிஞ்சியிருப்பது அன்றைய நல்ல உடுப்பு மட்டும்தான். மட்டமானது எப்போதோ துடைக்கிற துணியாகிவிட்டது.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு மாற்றம் நடந்தது. சாதாரண சம்பளம் எடுக்கும் ஒரு பெண், சாதாரண கடையில், தாங்கக்கூடிய விலைக்கு, பல வருடம் உழைக்கும் உடுப்பை வாங்க முடிந்தது. இது தானாக வந்ததல்ல.

*2. ஒரு பென்னிக் கடை*

ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த, இன்று பெலாரஸில் உள்ள ஸ்லோனிம் என்ற ஊரிலிருந்து அகதி போல வந்த ஒரு யூத இளைஞர் மைக்கல் மார்க்ஸ். ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. லீட்ஸ் நகரில் ஐசக் டியூஹர்ஸ்ட் என்ற மொத்த வியாபாரி அவருக்கு 5 பவுண் கடன் கொடுத்தார். 1884இல் லீட்ஸின் கேர்க்கேட் சந்தையில் மார்க்ஸ் ஒரு தட்டு போட்டார். எல்லாம் ஒரே விலை, ஒரு பென்னி. பேரம் பேச மொழி தெரியாதவருக்கு நல்ல யோசனைதான். 1894இல் டியூஹர்ஸ்டின் காசாளராக இருந்த தோமஸ் ஸ்பென்சர் பங்காளியாகச் சேர்ந்தார். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் பிறந்தது.

அவருடைய மகன் சைமன் மார்க்ஸ் காலத்தில்தான் நாங்கள் பேசும் விடயம் வருகிறது. 1920களில் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். தைத்தவரைக் கடைக்காரருக்குத் தெரியாது. சைமன் அந்த நடுவரைத் தாண்டி, லெஸ்டர் நகரின் கோரா போன்ற தொழிற்சாலைகளோடு நேரடியாகப் பேசினார். 1928இல் 'செயின்ட் மைக்கல்' என்ற வர்த்தகக் குறியைப் பதிவு செய்தார். அதே காலத்தில் கடையில் எந்தப் பொருளும் 5 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று உச்ச விலையும் வைத்தார்.

விலையைக் கூட்ட முடியாது. பெயரோ தன்னுடையது. உடுப்பு கிழிந்தால் வாடிக்கையாளர் திட்டுவது தொழிற்சாலையை அல்ல, 'செயின்ட் மைக்கலை'. அப்போது என்ன செய்வது? 1930களின் நடுப்பகுதியில் அந்தக் கடை தனக்கென ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தை அமைத்தது. ஒரு சில்லறைக் கடைக்கு விஞ்ஞானக் கூடம் என்பது அந்தக் காலத்தில் புதுமை. சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா, நூல் எத்தனை பாரம் தாங்கும் என்று பார்த்தார்கள். அவர்களுடைய தொழில்நுட்பவியலாளர்கள் தொழிற்சாலைகளுக்கே போய், எந்த நூல், எந்தச் சாயம், எந்தத் தையல் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துக் காசை எடுக்கலாம் என்ற வசதியும் பின்னாளில் அந்தக் கடையின் அடையாளமானது.

இங்கே கவனியுங்கள். மட்டமான உடுப்பு திரும்பி வந்தால் நட்டம் கடைக்கே. ஆகவே தரம் பார்ப்பது கடையின் வேலையானது. அதற்கென்று சம்பளத்துக்கு ஆட்களும் இருந்தார்கள்.

*3. அரசாங்கமே தையல்காரராகிய போது*

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941 ஜூன் மாதம் பிரித்தானியாவில் உடுப்புக்குப் பங்கீடு அறிவிக்கப்பட்டது. முதல் வருடத்துக்கு ஒருவருக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுணுக்கு 11 கூப்பன், பருத்திக் கவுண் என்றால் 7.

கூப்பனை மட்டும் கொடுத்திருந்தால் ஏழைகளின் கதி என்ன? வசதியுள்ளவர் தன் 11 கூப்பனுக்கு நல்ல கவுண் வாங்கிப் பல வருடம் உடுப்பார். வசதியில்லாதவர் அதே 11 கூப்பனுக்கு மட்டமானதை வாங்கி, அது கிழிந்ததும் கூப்பனுமில்லாமல் நிற்பார். அதனால் அரசாங்கம் 'யூட்டிலிட்டி' என்றொரு திட்டத்தைக் கொண்டு வந்தது. துணியின் நிறை, நூலின் அடர்த்தி, விலை எல்லாம் அரசாங்கமே நிர்ணயித்தது. அந்த உடுப்புகளில் 'சீசீ 41' என்ற முத்திரை இருக்கும். ஒரு கவுணுக்கு 2 பொக்கற்றுக்கு மேல் கூடாது, 5 பொத்தானுக்கு மேல் கூடாது என்று தனியாகச் சிக்கன விதிகளும் வந்தன. நோர்மன் ஹார்ட்னல், ஹார்டி ஏமிஸ் போன்ற லண்டனின் பெரிய வடிவமைப்பாளர்கள் 1942இல் மாதிரிகளை வரைந்து கொடுத்தார்கள்.

அலங்காரத்தில் கை வைத்தார்கள். துணியின் அடிப்படைத் தரத்துக்கு ஒரு எல்லைக் கோடு போட்டு, அதற்குக் கீழே இறங்க விடவில்லை. இன்று நடப்பது இதன் நேர் எதிர்மாறு. அலங்காரத்துக்குக் குறைவில்லை, துணிதான் தாங்குவதில்லை. பங்கீடு 1949இலும் யூட்டிலிட்டித் திட்டம் 1952இலும் முடிவுக்கு வந்தன. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்கள், சாதாரண உடுப்பிலும் குறிப்பிட்ட ஒரு தரத்தை எதிர்பார்க்கப் பழகியிருந்தார்கள்.

*4. 30 வருட உறவு, ஒரு நாளில்*

1990களின் தொடக்கம் வரைக்கும் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் விற்ற உடுப்பில் பெரும்பகுதி பிரித்தானியாவிலேயே தைக்கப்பட்டது. அதே தொழிற்சாலைகள், அதே மேற்பார்வையாளர்கள், பல வருடப் பழக்கம். ஒரு பிளவுஸில் என்ன பிழை வரும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

1997இல் அந்தக் கடையின் வருட இலாபம் 100 கோடி பவுணைத் தாண்டியது. இரண்டே வருடத்தில், 1999இல், அது ஏறத்தாழ 55 கோடிக்கு விழுந்தது. பவுணின் பெறுமதி உயர்ந்திருந்ததால் வெளிநாட்டில் தைப்பது மிக மலிவு. போட்டிக் கடைகள் அதை முன்னமே செய்துகொண்டிருந்தன. ஸ்பெயினின் சாரா 1998இல் லண்டனுக்கு வந்து, சில வாரத்துக்கொரு புது டிசைன் என்ற பழக்கத்தைக் கொண்டு வந்தது. அயர்லாந்தின் பிரைமார்க் விலையைத் தரையில் வைத்தது.

1999 ஒக்டோபரில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர், 30 வருடமாகத் தனக்குத் தைத்துக் கொடுத்த வில்லியம் பேர்ட் நிறுவனத்திடம் அந்தப் பருவத்தோடு கொள்வனவு முடிவதாகச் சொன்னது. பேர்ட் நீதிமன்றம் போனது. இத்தனை வருட உறவு, நியாயமான முன்னறிவித்தல் வேண்டாமா என்று கேட்டது. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பேர்டின் வாதத்தை ஏற்கவில்லை. இருவருக்கும் இடையில் எழுத்தில் ஒரு நீண்டகால ஒப்பந்தம் இருந்ததே இல்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் 'செயின்ட் மைக்கல்' என்ற பெயரும் கைவிடப்பட்டது.

வேலை வெளிநாட்டுக்குப் போனதால் தரம் குறைந்தது என்று இதை வாசிக்காதீர்கள். தைக்கும் நாடு மாறினால் கை மாறும், அவ்வளவுதான். பல வருடமாக இரு பக்கமும் சேர்ந்து சேர்த்த பழக்கமும், தவறு வந்தால் பிடிக்கும் ஏற்பாடும் கலைந்தால் அதற்கு ஈடு எது? அதற்கு அடுத்த பருவமும் அதே தொழிற்சாலைதான் தைக்கும் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம்தான் போனது.

*5. கோட்டா முடிந்த நாள்*

இதில் எங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு அத்தியாயம் உண்டு. 1974இலிருந்து பணக்கார நாடுகள், ஒவ்வொரு ஏழை நாட்டிலிருந்தும் இத்தனை உடுப்புத்தான் எடுப்போம் என்று கோட்டா வைத்திருந்தன. 1977இல் எமது பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1978இல் கட்டுநாயக்க வலயம் ஆரம்பமான போது, தங்கள் நாட்டுக் கோட்டா நிரம்பிப் போன ஹொங்கொங் முதலாளிகள் இங்கே வந்தார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனார். எங்கள் ஊர்களிலிருந்து 'காமென்ட்' பஸ் காலையில் கிளம்ப ஆரம்பித்தது அப்படித்தான்.

கோட்டா துணியின் தரத்தைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தது. ஒரு இலட்சம் பிளவுஸ்தான் அனுப்பலாம் என்றால், மட்டமான ஒரு இலட்சத்தை அனுப்புவீர்களா, நல்ல ஒரு இலட்சத்தையா? நல்லதை அனுப்பினால்தான் ஒவ்வொன்றிலும் காசு கூட வரும். இப்படி யாரும் நினைக்காமலேயே கோட்டா தரத்துக்கு ஒரு முட்டாக நின்றது.

2005 ஜனவரி 1ஆம் திகதி கோட்டா முடிந்தது. அமெரிக்க இறக்குமதிகளை ஆராய்ந்த ஹாரிகன், பாரோஸ் என்ற இரு பொருளியலாளர்கள், அதுவரை கோட்டாவில் கட்டுண்டிருந்த சீன உடுப்புகளின் விலை அந்த ஒரே வருடத்தில் 38 வீதம் விழுந்ததாகக் கணித்தார்கள். விலையோடு சேர்த்துத் தரமும் கீழே இறங்கியதாக அவர்கள் கண்டார்கள். ஐரோப்பாவிலோ சீன உடுப்பு வெள்ளமாக வந்து, அவசர அவசரமாக மீண்டும் தடை போட்டு, அந்தக் கோடையில் கோடிக்கணக்கான உடுப்புகள் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன.

அதன் பிறகு விலை ஏறவில்லை, எண்ணிக்கை ஏறியது. 2000க்கும் 2014க்கும் இடையில் உலகில் உற்பத்தியாகும் உடுப்பின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது என்றும், வாங்கிய உடுப்பை மக்கள் முன்னரைவிட ஏறத்தாழ அரைவாசிக் காலம்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் மக்கின்ஸி நிறுவனம் 2016இல் எழுதியது.

*6. ஒரு பிளவுஸிலிருந்து எதையெல்லாம் களவெடுக்கலாம்?*

இன்று கடை முதலில் விற்பனை விலையை முடிவு செய்கிறது. பிறகு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, தொழிற்சாலைக்கு ஒரு தொகையைச் சொல்கிறது. அந்தத் தொகைக்குள் நிற்க எதையாவது குறைக்க வேண்டும். வெளியே தெரியாத இடத்தில்தான் குறைப்பார்கள்.

துணியின் நிறையைக் குறைக்கலாம். லைனிங்கை எடுத்துவிடலாம். தையலுக்கு உள்ளே விடும் துணி விளிம்பை அரை அங்குலத்திலிருந்து கால் அங்குலமாக்கலாம். உடம்பு கொஞ்சம் வைத்தால் பிரித்து விட இனி இடமில்லை. ஒரு அங்குலத்துக்கு 12 தையல் விழுந்த இடத்தில் 9 விழுந்தால் இயந்திரத்துக்குக் கால்வாசி வேலை மிச்சம். பொத்தானை ஒற்றை நூல் சங்கிலித் தையலில் பிடித்தால், நுனியை இழுத்தவுடன் பொத்தான் கையோடு வரும். மார்பிலும் இடுப்பிலும் டாட் பிடித்து உடம்புக்கு அளவாக வெட்டுவதற்குப் பதிலாக, கொஞ்சம் இழுபடும் இலாஸ்டேன் நூலைக் கலந்துவிட்டால் ஒரே வெட்டு பல உடம்புக்கும் 'பொருந்தும்'. அந்த இலாஸ்டேன் தளர்ந்தால் உடுப்பும் முடிந்தது.

பருத்தியின் இடத்தில் பொலியெஸ்டர் வந்ததும் இதில் ஒரு பகுதி. அதைக் கண்டுபிடித்தவர்களும் இங்கிலாந்துக்காரர்தான். 1941இல் மன்செஸ்டர் கம்பனியொன்றின் விஞ்ஞானிகளான வின்ஃபீல்டும் டிக்சனும். சுருங்காது, மடிப்புக் கலையாது, அயர்ன் தேவையில்லை என்று அன்று அது கூடிய விலைச் சரக்கு. இன்று உலகில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர். நல்ல பொலியெஸ்டரும் உண்டு, உழைக்கவும் செய்யும். பிரச்சினை, அதை மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் போடும்போதுதான்.

இது ஏன் பெண்களின் உடுப்பில் கூட? ஒரு ஆண்பிள்ளை சேட்டின் வெட்டு வருடக்கணக்கில் மாறுவதில்லை. அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் தைத்தால் குறை கண்ணில் பட்டுத் திருத்தப்படும். பெண்களின் டிசைன் சில வாரத்தில் மாறுகிறது. உடுத்திப் பார்த்து, கழுவிப் பார்த்து, திருத்துவதற்கு முன்பே அந்த டிசைன் கடையை விட்டுப் போய்விடுகிறது. பெண்கள் கேட்டுத்தான் இந்த வேகம் வந்தது என்கிறார்கள். வேகத்தைத் தீர்மானித்தது யார் என்பதை மேலே பார்த்தோம்.

*7. கை தெரியாதவர்களா நாங்கள்?*

இனி அந்த இரண்டாவது பழி. கேகாலை மாவட்டத்தின் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனம் 2008இல் திறந்த தொழிற்சாலை, மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சருக்காகவே கட்டப்பட்ட பசுமைத் தொழிற்சாலை. கோட்டா போன பிறகு எங்கள் தொழில் செத்துவிடும் என்று பயந்தார்கள். சாகவில்லை. உள்ளாடை, விளையாட்டு உடை போன்ற, மிகத் துல்லியமாகத் தைக்க வேண்டிய பொருட்களுக்கு நாங்கள் பேர் எடுத்தோம். உடம்போடு ஒட்டி நிற்கும் உடுப்பில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அது விலைப்படாது.

அதாவது எப்படித் தைக்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதை மெஷினில் இருக்கும் பிள்ளை முடிவு செய்வதில்லை. அது கொள்வனவாளர் அனுப்பும் தாளில் எழுதியிருக்கிறது. 12 என்று எழுதினால் 12 தைப்பாள், 9 என்று எழுதினால் 9.

அந்தத் தாளில் விலையை மட்டும் பார்ப்பவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு பங்களாதேஷின் ரானா பிளாசா சாட்சி. 2013 ஏப்ரல் 24இல் அந்தக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். மேற்கின் கடைவீதிகளுக்குத் தைத்தவர்கள். முதல் நாள் சுவரில் வெடிப்புக் கண்டும், அடுத்த நாள் வேலைக்கு ஏற்றப்பட்டவர்கள். துணியில் மிச்சம் பிடிக்கும் அதே கணக்கு, கடைசியில் சீமெந்திலும் மிச்சம் பிடித்தது.

*8. ஆக, யாருடைய பொறுப்பு?*

விலையைக் குறைத்துக் கடைகள் பிழைத்தனவா என்றால் அதுவுமில்லை. பி.எச்.எஸ். 2016இல் மூடியது. டொப்ஷொப்பின் தாய் நிறுவனம் 2020இல் விழுந்தது. டெபனம்ஸ் 2021இல் கடைசிக் கதவைச் சாத்தியது. கடன், வாடகை, இணைய விற்பனை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எங்கும் ஒரே மாதிரி உடுப்பு என்றாகிவிட்டால், வாடிக்கையாளர் ஒரு கடையைத் தேடிப் போக என்ன காரணம் மிஞ்சும்?

2019இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவொன்று, உடுப்பு ஒன்றுக்கு ஒரு பென்னி வீதம் அறவிட்டு, வீசப்படும் உடுப்பைச் சேகரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் பயன்படுத்தலாம் என்று சிபாரிசு செய்தது. அரசாங்கம் மறுத்துவிட்டது. மார்க்ஸ் தன் தட்டில் எதையும் விற்ற அதே ஒரு பென்னி.

விலை கூடியதை வாங்கினால் சரியா? லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அண்மையில் நடந்த பரிசோதனைகள், விலைக்கும் உழைப்புக்கும் நிச்சயமான தொடர்பு இல்லை என்று காட்டின. அதில் ஒரு ஆய்வுக்குப் பின்னால் பிரைமார்க்கும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் பல பெண்களின் அனுபவமும் அதுதான்.

நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். தரம் என்பது யாராவது ஒருவரின் வேலையாக இருந்த காலத்தில் அது இருந்தது. ஒரு காலத்தில் கடையின் பரிசோதனைக் கூடம் அதைப் பார்த்தது. போர்க் காலத்தில் அரசாங்கம் பார்த்தது. கோட்டாவின் கணக்கு தெரியாமலேயே பார்த்தது. ஒவ்வொன்றாக விலகிய பிறகு அது யாருடைய வேலையும் இல்லை. இப்போது அந்த வேலையை, நல்லதைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று வாங்கும் பெண்ணின் தலையிலும், நன்றாகத் தைக்கவில்லை என்று தைக்கும் பெண்ணின் தலையிலும் கட்டுகிறார்கள். இரண்டு பேர் கையிலும் அந்தத் தாள் இல்லை.

எங்கள் கடைவீதியிலும் இதே மெல்லிசுத் துணிதான் தொங்குகிறது. பெருநாளுக்கு எடுக்கும்போது விலைச் சீட்டைப் பார்க்கும் முன் உடுப்பை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விளிம்பு எவ்வளவு விட்டிருக்கிறது, தையல் நெருக்கமா, லைனிங் இருக்கிறதா, பொத்தான் உறுதியா. இல்லாவிட்டால் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள். கிழிந்தால் திருப்பிக் கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் தரம் பார்க்கப் பழகியதே, பிழையான உடுப்பு தன் வாசலுக்குத் திரும்பி வரும் என்ற பயத்தில்தான்.

காமென்டில் வேலை செய்த, செய்கின்ற சகோதரிகள் இதை வாசித்தால், அந்தத் தாளில் வருடத்துக்கு வருடம் என்ன மாறியது என்று எழுதுங்கள். இந்த வரலாற்றின் மிச்சம் உங்களிடம்தான் இருக்கிறது.